பாதி ஆட்டத்தில் போனவர்

மூன்று வருடமாக என் கணவரைத் திட்டிக்கொண்டிருந்தவர்கள் போன மாதம் அவருக்கு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கோட்டையூர் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, டவுன் பஸ் திருப்பத்தில் வரும்போதே கண்ணில் படுகிற மாதிரி. பார்த்ததும் எனக்கு அதைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. நான் கிழிக்கிற ஆள் இல்லை. ரேஷன் கடையில் யாராவது வரிசையில் முன்னால் புகுந்தால்கூட, அவர்களுக்கு என்ன அவசரமோ என்று பேசாமல் நிற்பவள். பி.எட். முடித்துவிட்டு, குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று வீட்டில் இருக்கிறேன். கிழிக்கத் தெரியாததால் எழுதுகிறேன்.

என் கணவருக்குத் தச்சு வேலை. இப்போது பெரும்பாலும் வீடுகளுக்குச் சமையலறை அலமாரிகள் அடித்துக் கொடுக்கிறார். சாயங்காலமானால் கால்பந்து. எங்கள் பக்கத்தில் நடப்பது ஏழு பேர் ஆடும் ஆட்டம். அதில் அவர் ஸ்டாப்பர், அதாவது கோல் கீப்பருக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் தடுப்பவர். கோல் போடுகிறவரைத் தோளில் தூக்குவார்கள். தடுப்பவரை, தடுக்காமல் விட்ட அன்றைக்குத்தான் ஊருக்கு ஞாபகம் வரும்.

மூன்று வருடம் முன்பு ஓர் இறுதி ஆட்டம், தேவகோட்டை அணியோடு. அன்று எங்கள் மகளுக்குப் பதினொரு மாதம். மதியத்திலிருந்து உடம்பு சுட்டது. மருந்து கொடுத்துத் துடைத்துவிட்டேன். ஆட்டத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று அவர் கேட்டார். போங்க, சாதாரணக் காய்ச்சல்தானே என்று நானே அனுப்பினேன். ஐந்து மணி வாக்கில் குழந்தையின் கண் மேலே சொருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. நான் போனை எடுத்தேன்.

ஆடுகிறவர்களின் போன் எல்லாம் மைக் மேசையில்தான் இருக்கும். மைக் பிடிக்கிறவர் எடுத்தார். வயதானவர், எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கெல்லாம் அவர்தான் குரல். செருப்பு தொலைந்தாலும், வண்டிச் சாவி கிடைத்தாலும், யாருக்காவது மாமனார் தேடி வந்தாலும் எல்லாம் மைக்கில் வந்துவிடும்.

"ஆட்டம் நடக்குது தாயி. முடிஞ்சதும் பேசச் சொல்றேன்."

"ஒடனே வரச் சொல்லுங்க. ஒடனே வரச் சொல்லுங்கய்யா."

என்ன என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்கவில்லை. மைக்கில் சொன்னார்: "நம்ம ஸ்டாப்பர் தம்பிக்கு வீட்லருந்து அழைப்பு! வீட்டுக்காரம்மா ஒடனே வரச் சொல்றாக! தம்பி, கப்பு முக்கியமா, வீட்டுச் சோறு முக்கியமா?" மைதானமே சிரித்ததாம். என் கணவர் ஓரத்துக்கு வந்து போனை வாங்கினார். நான் அழுததைக் கேட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாற்று ஆட்களை ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. மீதி நேரத்தை ஆறு பேராக ஆடினார்கள். இரண்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தவர்கள் இரண்டுக்கு மூன்று என்று தோற்றார்கள்.

அவர் வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். வலிப்பு நான்கு நிமிடத்தில் நின்றிருந்தது. காய்ச்சலோடு வரும் வலிப்பு இது, நிறையக் குழந்தைகளுக்கு வரும், வளர வளர நின்றுவிடும் என்றார் டாக்டர். என் கணவர் பச்சைப் பனியனோடும் முழங்கால் வரை புழுதியோடும் வார்டுக்குள் வந்து நின்றபோது குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சியை எத்தனை முறை நினைத்திருப்பேன். போன் செய்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. அவர் கப்போடு வந்திருப்பார்.

அன்றே என் மாமியார் சொல்லிவிட்டார். "பொட்டப்புள்ள. வெளிய மூச்சு விட்றாதீக." நானும் சரி என்றேன். இது வெட்கப்பட வேண்டிய நோய் இல்லை என்று படித்திருந்தும் சரி என்றேன். யார் கேட்டாலும் "வீட்ல ஒரு வேல" என்று என் கணவர் சொன்னார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

அவருக்கு 'ஆஃப் டைம்' என்று பெயர் விழுந்தது. செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர், அணியின் பெரிய ரசிகர், கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு விசிலை வைத்துக்கொண்டு, இவர் வண்டி போகும்போதெல்லாம் இடைவேளைக்கு ஊதுகிற மாதிரி ஊதுவார். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நாச்சியாபுரத்தில் அலமாரி அளவெடுக்கப் போன வீட்டிலும் ஒருவர் கேட்டாராம்: "முழுசா முடிச்சுக் குடுப்பீகளா, இல்ல வீட்லருந்து போன் வந்தா பாதில கெளம்பிருவீகளா?" அதை இவர் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொண்டாட்டிக்குப் பயந்தவர் என்பது அவருக்கு வைத்த பட்டம் மட்டும் இல்லை, அதில் பாதி எனக்கும். அடுத்த வருடம் அணியில் அவரைக் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

போன மாதம் போட்டி நெருங்கியபோது ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. தொட்டில் ஆட்டுகிற ஒருவரின் உடம்பில் என் கணவரின் தலையை ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே ஒருவர்: "இந்த வருசம் அண்ணனக் கூப்பிட்டா, வீட்டுக்காரம்மாவப் பெஞ்சுலயே உக்கார வச்சுருங்கப்பா. போன் செலவு மிச்சம்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போயிருந்தார். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. நான் அவர் போனை எடுத்து, குரல் பதிவை அழுத்திப் பேசிவிட்டேன்.

என்ன பேசினேன் என்பது முழுதாக நினைவில்லை. அன்றைக்கு எங்கள் குழந்தைக்கு வலிப்பு வந்தது, கண் சொருகியது, அதற்காகத்தான் வந்தார், நீங்கள் எல்லாம் மனிதர்களா என்று கேட்டேன். இரண்டு வயதில் இன்னொரு முறை வந்ததையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அந்தப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோபம் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வழக்கமாகக் கோபமே வருவதில்லை என்பதால் பழக்கமில்லை.

பத்து நிமிடம் கழித்து அழித்தேன். அதற்குள் யாரோ வேறொரு குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். அழித்த செய்தி என்றால் அதைத்தான் எல்லோரும் தேடிப்பிடித்துக் கேட்கிறார்கள்.

அன்று மதியத்திலிருந்து தொடங்கியது மறுபரிசீலனை. அண்ணன் தெய்வம். அண்ணன் மாதிரி அப்பா உண்டா. மூன்று வருடம் முன்பு எடுத்த ஒரு வீடியோவை யாரோ தோண்டி எடுத்துப் போட்டார்கள். அண்ணன் போவதற்கு முன்னால் எத்தனை பந்தைத் தடுத்திருக்கிறார் பாருங்கள் என்று எண்ணினார்கள். அப்போதும் அதே மைதானத்தில் அதே கண்ணோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது எண்ணவில்லை. பிறகு, தோற்றதற்கு யாராவது காரணமாக இருக்க வேண்டுமே, அந்த வருடத்துக் கீப்பரைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது கோலுக்கு அவர் ஏன் அசையாமல் நின்றார்? தேவகோட்டையில் அவருக்குச் சம்பந்தக்காரர்கள் இருக்கிறார்களாமே? அந்தக் கீப்பருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவளும் அடுப்படியில் நின்று இதைப் படித்திருப்பாள்.

ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. இதை நான் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், குழுவில் மேலிருந்து கீழ் வரை படித்தேன். "ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லண்ணே" என்றுதான் எழுதியிருந்தார்கள். சொல்லாதது இவர் தப்பாம். ஏன் சொல்ல வேண்டும்? எனக்குத் தலைவலி என்று கூப்பிட்டு அவர் வந்திருந்தால் மறுபடி திட்டுவீர்களா? ஒரு மனிதன் தன் வீட்டுக்குப் போனதற்கு, உங்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு காரணம் காட்ட வேண்டுமா? எங்கள் குழந்தையின் கண் சொருகினால்தான் அவர் நல்லவரா?

சாப்பிட வந்தவர் போனைப் பார்த்தார்.

"என்னத்துக்குச் சொன்ன?"

"எவ்வளவு நாளைக்குத்தாங்க கேட்டுக்கிட்டே இருக்கது? உங்களத்தான பேசுறாக."

"என்னையத்தான பேசுனாக. நான் கேட்டுக்கிட்டேன்ல? நீ சொன்னது அவளப் பத்தி."

அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், பட்டறைக்குப் போய்விட்டார். நான்கு நாள் என்னோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஃப்ளெக்ஸ் வந்தது. ஒரு பக்கம் பச்சைப் பனியனில் இவர். இன்னொரு பக்கம் என் மகள், இவருடைய வாட்ஸ்அப் படத்திலிருந்து எடுத்தது, போன பொங்கலுக்கு எடுத்த பட்டுப்பாவாடைப் படம். நடுவில் கொட்டை எழுத்தில்: 'வலிப்பால் துடித்த மகளுக்காகக் கோப்பையைத் துறந்த பாசத் தந்தையே!' கீழே பதினைந்து பேரின் முகம், கூலிங் கிளாஸோடு. என் மகளின் முகத்தைவிட அவர்கள் முகங்கள் தெளிவாக இருந்தன.

அன்று சாயங்காலம் பள்ளி வேனிலிருந்து இறங்கிய மகளின் சீருடை பெல்ட்டில், கறுப்புக் கயிற்றில் ஒரு பழைய பூட்டுச் சாவி தொங்கியது.

"இது என்னது?"

"வேன் அத்தை கட்டுனாங்க. கழட்டவே கூடாதாம்."

வேனில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவைத்தான் பிள்ளைகள் வேன் அத்தை என்பார்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மகள் மேலும் சொன்னாள். மூன்றாவது வரிசையில் அவளுடைய தோழி பக்கத்தில் உட்காரக் கூடாதாம். இனிமேல் முன்னால், அத்தை பக்கத்தில்தானாம். சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு என்னம்மா வந்துச்சு?"

நான்கு வயது. எல்.கே.ஜி. ஒரு வருடத்துக்கு மேல் அவளுக்கு எதுவும் வரவில்லை. வந்ததும் அவளுக்கு நினைவில்லை. இனி அவள் அந்தப் பள்ளியில் படிக்கும் வரை, அந்த வேனில், அந்த வகுப்பில், அவள் அதுதான். அப்பாவுக்குக் கிடைத்த பட்டத்தை ஒரு ஃப்ளெக்ஸில் அழித்துவிட்டு மகளுக்கு வைத்துவிட்டார்கள். வழியைக் காட்டிக் கொடுத்தது நான்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். மைக் பெரியவர் குழாய் ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டச் சொல்லி மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். செல்போன் கடைக்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி. சொல்லி அனுப்பணும்னு இருந்தேன். மொத ஆட்டத்துக்குப் பாப்பாதான் பந்த உதைக்குது. நல்லா உடுத்திக் கூட்டியா."

"அவ வரமாட்டா. அந்த ஃப்ளெக்ஸ எடுத்துருங்க."

"ஏன் தாயி? நல்லதுதான போட்டுருக்கோம்?"

"எங்க புள்ளைக்கு வந்த நோவத்தான் போட்டுருக்கீக."

செல்போன் கடைக்காரர் சுண்ணாம்புக் கையோடு வந்தார். "மதினி, அண்ணனப் பெருமப்படுத்தத்தான் செஞ்சோம்."

"மூணு வருசமா விசில் ஊதுனீகளே, அது எதுக்கு?"

"அது சும்மா வெளையாட்டுக்கு மதினி."

"அவர் பெருமைக்கு எங்க புள்ள மூஞ்சி எதுக்கு?"

அவர் சுண்ணாம்பைக் கைலியில் துடைத்தார். பிறகு, உண்மையான அக்கறையோடுதான், அதுதான் என்னால் தாங்க முடியாதது, "பாப்பாவுக்கு இப்பத் தேவலையா மதினி? இரும்பு எதும் போட்டுருக்கீகளா? எங்கிட்ட ஒரு வளையம் இருக்கு" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் ஆசிரியர் பயிற்சியில் கற்றதெல்லாம் குரலுக்கு வந்துவிட்டது. இரும்பு எதுவும் செய்யாது என்றேன். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள், மணி பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றேன். எட்டுப் பேரும் பாடம் கேட்கிற மாதிரி நின்றார்கள். பெரியவர் கேட்டார்: "இத மைக்ல சொல்லிருவமா தாயி? நாலு பேருக்கு உதவும்ல?"

"சொல்லுங்க. யார் புள்ளைன்னு மட்டும் சொல்லாதீக."

"சேச்சே. நான் ஏன் சொல்றேன்?"

அன்று சாயங்காலம் முதல் ஆட்டத்தின் இடைவேளையில் அவர் சொன்னது எங்கள் வீடு வரை கேட்டது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, எல்லாம் சரியாகவே சொன்னார். கடைசியில், "இது நம்ம ஸ்டாப்பர் தம்பி வீட்டுக்காரம்மா, படிச்ச புள்ள, சொன்ன தகவல்" என்று சேர்த்துவிட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் குழாயை மூடினேன். அவரால் முடியாது. மைக் கையில் இருந்தால் ஒரு பெயரும் உள்ளே நிற்காது.

ஃப்ளெக்ஸை எடுக்கவில்லை. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து, மகளின் படத்தை மட்டும் பிளேடால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். பாசத் தந்தை பக்கத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பின்னால் இருந்த டீக்கடை தெரிந்தது. எழுத்து அப்படியே இருந்தது. முன்பு ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் போனவர்கள்கூட நின்று, அங்கே யார் படம் இருந்தது என்று டீக்கடையில் கேட்டார்கள். டீக்கடையில் சொன்னார்கள்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என் கணவரே குறடும் ஏணியுமாகக் கிளம்பினார். ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். போய்ப் பிடித்தேன். சாயங்கால வெயிலில், பேருந்துக்கு நிற்பவர்கள் பார்க்க, ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தார். நிறுத்தத்தில் இருந்த ரசிகர் ஒருவர், "என்னண்ணே, நீங்களே கழட்டுறீக? அப்ப ஆட வரலையா?" என்றார். இப்போது ஆடுகிற ஸ்டாப்பருக்குக் கால் பிசகிவிட்டதாம், இரண்டு நாளாக இவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேல கெடக்கு தம்பி" என்றார் இவர்.

அவர் இறங்குவதற்குள்ளேயே எனக்குக் கேட்டது. "ஃப்ளெக்ஸ் வச்சும் வரல பாரு. தலக்கனம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம். ஏணியை விட்டால் இவர் விழுந்துவிடுவார் என்று பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் சாவிக் கயிற்றை மகளின் பெல்ட்டிலிருந்து அறுத்தார். "நாளைக்கு வேன்ல யாரு பேசுறது?" என்று கேட்டார். நான்கு நாள் கழித்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "நான் பேசுறேன்" என்றேன்.

காலையில் வேன் வந்து நின்றதும் மகளைத் தூக்கி உள்ளே விட்டேன். வேன் அத்தை அவள் இடுப்பைப் பார்த்தார்.

"சாவிய எங்க?"

"கழட்டியாச்சு. இனிமே கட்டாதீங்க. அவ மூணாவது வரிசையில அவ ஃபிரண்டு பக்கத்துல உக்காருவா."

"எனக்கென்னம்மா? நாளப்பின்ன ஒண்ணுன்னா நான்ல பதில் சொல்லணும்?"

"ஒண்ணுன்னா என்ன செய்யணும்னு மைக்ல சொன்னாகல்ல? கேட்டீகளா?"

"கேட்டேன்."

"அது போதும்."

"மொதல்ல முன்னால உக்காரட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. மழை நாளில் தன் சேலைத் தலைப்பால் பிள்ளைகளுக்குத் தலை துவட்டிவிடுபவர். எப்போதும்போல் சரி என்று சொல்லி இறங்கிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. மகள் நடுவழியில் பையோடு நின்று, எந்தப் பக்கம் போவது என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒரு காலைப் படியில் வைத்தேன். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஹாரன் அடித்தார். பின்னால் ஒரு டவுன் பஸ் வந்து நின்று அதுவும் அடித்தது. காலை எடுக்கவில்லை.

"நீ போயி உக்காரும்மா" என்று மகளிடம் சொன்னேன்.

வேன் அத்தை ஒருமுறை என்னைப் பார்த்தார், ஒருமுறை பஸ்ஸைப் பார்த்தார், முழங்காலைத் திருப்பி வழி விட்டார். மகள் மூன்றாவது வரிசைக்குப் போனாள். தோழி டிபன் டப்பாவைத் தூக்கி மடியில் வைத்து இடம் கொடுத்தாள். கதவு மூடியது.

அடுத்த நிறுத்தத்தில் அவளை மறுபடி முன்னால் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்களோ என்னவோ. வீட்டுக்குள் போய் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். இது கொஞ்சம் அதிகம்தான், எனக்கே தெரியும். இருந்தாலும் ரயில்வே கேட் வரை வேன் பின்னாலேயே போனேன். கேட்டில் வண்டிகள் நின்றபோது பின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. கேட் திறந்தது. நான் திரும்பிவிட்டேன்.